ரிட்டையர் ஆன கன்ட்ரோல் இன்ஜினியரும் ஒரு வெள்ளைப் பந்தும்

கோல்ஃப் என்றதும் நம்ம ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாவில் வரும் கதாநாயகியின் பணக்கார அப்பா. வெள்ளைத் தொப்பி, வெள்ளை பேன்ட். குச்சியை ஒரு வீசு வீசுவார். பந்து எங்கே போனது என்று கேமரா கூடக் காட்டாது. பக்கத்தில் நிற்கும் நாலு பேர் கை தட்டுவார்கள். உடனே ஃபோன் வரும், "சார், பொண்ணைக் காணோம்". அத்தோடு கோல்ஃப் முடிந்தது, கதை ஆரம்பம்.

என் பெரியப்பா அந்த அப்பா கோஷ்டியில் சேராதவர். முப்பத்தி ஏழு வருஷம் கன்ட்ரோல் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். முதல் பாதி இங்கே 210 மெகாவாட் யூனிட்டுகள் ஓடும் ஒரு அனல் மின் நிலையத்தில். அடுத்த பாதி பஹ்ரைனில், ஒரு எண்ணெய் ஆலையில். 2016-ல் ரிட்டையர் ஆகி கோயமுத்தூர் வந்து சேர்ந்தார். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் எடுத்ததற்கும் அவர்தான் காரணம். (திட்டுவதாக இருந்தால் அவரைத் திட்டவும் :-))

கோல்ஃப் அவர் கற்றுக்கொண்டது பஹ்ரைனில். அங்கே அவாலி என்று ஒரு எண்ணெய் ஊர். அந்த ஊர் கோல்ஃப் மைதானத்தில் மருந்துக்குக் கூடப் புல் கிடையாது, முழுக்க மணல். நம் ஊரில் 'கிரீன்' என்று சொல்லும் இடத்துக்கு அங்கே 'பிரவுன்' என்று பெயர். மணலில் எண்ணெய் கலந்து, உருட்டி, கெட்டியாக்கி வைத்திருப்பார்கள். ஆடுபவர் கையில் ஒரு சின்ன செயற்கைப் புல் விரிப்பை எடுத்துக்கொண்டு போவார். பந்து நல்ல வழித்தடத்தில் விழுந்தால் விரிப்பைப் போட்டு அதன் மேல் பந்தை வைத்து அடிக்கலாம். வளைகுடாவில் முழுக்கப் புல் போட்ட பெரிய மைதானம் 1988-ல்தான் துபாயில் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்து மணலில் ஆடிய ஆளுக்கு இது பணக்கார விளையாட்டாகவே தெரியவில்லையாம். "மணல் பஞ்சாயத்துல கபடி ஆடற மாதிரிதான்டா இருந்துச்சு" என்பார்.

இப்போது ரிட்டையர்மென்ட் கதைக்கு வருவோம்.

ஊருக்கு வந்த முதல் ஆறு மாதம் வீட்டையே ஆலை ஆக்கிவிட்டார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு லெவல் ஸ்விட்ச் போட்டார். ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் வைத்து மணிக்கொரு தரம் எழுதினார். குக்கர் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு விசில் அடிக்கிறது என்று நோட்டில் குறித்தார். "நான் என்ன உங்க ஷிப்ட் ஆபரேட்டரா?" என்று பெரியம்மா ஒரு நாள் கரண்டியோடு வந்து நின்ற பிறகு அது நின்றது. அதற்குப் பிறகு நோட்டும் நின்றது. பேப்பர், டிவி, தூக்கம். ஃபோன் அடித்தால் மட்டும் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார். ஏதாவது லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணாக இருக்கும். ரத்த அழுத்தம் ஏறியது. பெரியம்மா எங்கள் அம்மாவிடம், "இந்த மனுஷன் இப்படி உக்காந்தே போயிருவாரோன்னு பயமா இருக்கு" என்று அழுதது எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். "கண்ணு, ரிட்டையர் ஆனா என்ன பிரச்னை தெரியுமா? நான் என்ன சொன்னாலும் எல்லாரும் ஆமாங்கறாங்க. தப்புன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. பிளான்ட்ல நான் தப்புப் பண்ணினா மூணு செகண்ட்ல அலாரம் அடிக்கும்."

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் படிக்கிற நமக்கு இது புரிய வேண்டும். ஃபீட்பேக் அறுந்து போன லூப். செட் பாயின்ட் இருக்கிறது, கன்ட்ரோலர் இருக்கிறது, அளந்து சொல்ல யாரும் இல்லை.

பஹ்ரைனில் கூட ஆடிய நண்பர் ஒருவர், செட்டிபாளையம் பக்கம் இருக்கிற கோல்ஃப் மைதானத்துக்கு ஒரு காலையில் இவரை விருந்தாளியாக இழுத்துக்கொண்டு போனார். முதல் பந்தே வலப்பக்கம் முள்ளுக்காட்டுக்குள். இரண்டாவதும் அங்கேதான். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு நூத்திப் பதினாலு தடவை என்னைத் தப்புன்னு சொல்லுச்சு" என்று சிரித்தாராம். அன்று ராத்திரி நோட்டு திரும்பவும் வெளியே வந்தது.

கொஞ்சம் டெக்னிகலாகப் பார்ப்போம். பொறுத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கும் உதவும்.

கோல்ஃப் பந்து அதிகபட்சம் 45.93 கிராம் எடை இருக்கலாம். விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. போய் விழ வேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மட்டையின் தலைப்பகுதி பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் கிட்டத்தட்ட அரை மில்லி செகண்ட். பந்தைத் தொட்ட செய்தி கை நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே பந்து கிளம்பிப் போயிருக்கும். அதாவது அடிக்கும் அந்தக் கணத்தில் திருத்துவதற்கு வழியே இல்லை. சுத்தமான ஓப்பன் லூப். முப்பத்தேழு வருஷம் குளோஸ்டு லூப்பில் வாழ்ந்தவருக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் பாருங்கள்!

"அப்ப லூப் எங்க மூடுது பெரியப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல. நடந்து போறோம்ல, அப்ப."

இங்கேதான் அவருடைய சாமான்கள் வருகின்றன. பெரியம்மா அவற்றை 'பொம்மை' என்பார். கேஸ் சிலிண்டர் அளவு பையில் மட்டைகள் (விதிப்படி 14-க்கு மேல் எடுத்துப் போகக் கூடாது). கொடிக் கம்பம் எவ்வளவு தூரம் என்று லேசரில் அளந்து சொல்லும் ரேஞ்ச் ஃபைண்டர். கையில் ஜி.பி.எஸ். கடிகாரம். மட்டையின் பிடி நுனியில் திருகி வைக்கும் சென்சார்கள், எந்த மட்டையில் எங்கே அடித்தார் என்று அவையே குறித்து வைக்கும். பந்துக்குப் பின்னால் தரையில் வைக்கும் குட்டி டாப்ளர் ராடார் ஒன்று, மட்டை வந்த வேகம், பந்து போன வேகம் இரண்டையும் காட்டும். பந்தின் வேகத்தை மட்டையின் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்மாஷ் ஃபேக்டர். டிரைவர் மட்டையில் 1.5-ஐ நெருங்கினால் நடு மத்தியில் பட்டது என்று அர்த்தம். பெரியப்பா 1.41-ஐப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நம்ம பழைய பாய்லரை விட எஃபிஷியன்ஸி தேவலாம்" என்பார்.

சாமானை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. புதிதாக ஆடுபவர்கள் பந்து வலது பக்கம் போனால் அடுத்ததை இடது பக்கம் பார்த்து அடிப்பார்கள். அது ரொம்ப இடது பக்கம் போகும். மறுபடி வலது. 'கெயின் அதிகமா வெச்சா ஆஸிலேஷன்' என்று நாம் 1942-ன் ஸீக்லர், நிக்கல்ஸ் முறையில் படித்தோமே, அதே கதை. பெரியப்பாவின் சட்டம்: பத்துப் பந்து அடிக்கும் வரை எதையும் மாற்றக் கூடாது. பத்தின் சராசரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதில் பாதி மட்டும் திருத்த வேண்டும். அவர் ஸ்கோர் குறைந்தது இப்படித்தான், ரொம்ப நிதானமாக.

இன்ஜினியர்கள் இந்த விளையாட்டுக்குள் நுழைந்து நோண்டுவது புதிதில்லை. கார்ஸ்டன் சோல்ஹைம் என்று ஒரு மெக்கானிகல் இன்ஜினியர், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை. நாற்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் ஆட ஆரம்பித்தார். கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் மட்டை பந்தில் படும்போது திருகிக்கொள்கிறதே என்று எரிச்சலாகி, எடையை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரத்துக்கும் தள்ளி, 1959-ல் வீட்டு கேரேஜில் ஒரு பட்டர் செய்தார். மந்த நிலைத் திருப்புத்திறனைக் கூட்டினால் திருகுவது குறையும், அவ்வளவுதான் தத்துவம். பந்தில் பட்டதும் அது எழுப்பிய 'பிங்' சத்தமே அதற்குப் பெயரானது. இன்றைக்குப் பெரிய கம்பெனி.

பெரியப்பாவுக்கு அவரை விடப் பிடித்தவர் எட்வர்ட் ஸ்டிம்சன். 1935-ல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியைப் பார்க்கப் போனவர். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் மெதுவாகத் தட்டிய பந்து கிரீனை விட்டே உருண்டு வெளியே ஓடியது. கிரீன் அநியாயத்துக்கு வேகம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? ஒரு சாய்வுப் பள்ளம் வைத்த குச்சி செய்தார். பந்தை அதன் பள்ளத்தில் வைத்து ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினால் சுமார் 20 டிகிரியில் பந்து தானாகக் கிளம்பும். கிரீனில் எத்தனை அடி உருள்கிறதோ அதுதான் வேகம். பேட்டரி கிடையாது, டிஸ்ப்ளே கிடையாது. 1978 முதல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இதை மைதானப் பராமரிப்பாளர்களுக்குக் கொடுத்து வருகிறது. பெயர் ஸ்டிம்ப்மீட்டர். பெரியப்பா ஒரு அலுமினியப் பட்டையை வளைத்து வீட்டிலேயே ஒன்று செய்தார். ஹால் தரை எத்தனை அடி தெரியுமா என்று வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் உருட்டிக் காட்டுவார். காபி ஆறிப் போகும்.

இன்னொரு கதை. 1971-ல் அப்போலோ 14-ல் போன ஆலன் ஷெப்பர்ட், மண் எடுக்கும் கருவியின் பிடியில் மட்டைத் தலையை மாட்டி நிலாவில் இரண்டு பந்து அடித்தார். இரண்டாவது பந்து மைல் கணக்கில் போகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். ஐம்பது வருஷம் கழித்து, 2021-ல், பழைய ஃபோட்டோக்களைச் சுத்தம் செய்து அளந்தார்கள். முதல் பந்து 24 கஜம், இரண்டாவது 40 கஜம். "நிலாவுல அடிச்சாலும் அளக்காம விட மாட்டாங்க பாரு" என்று பெரியப்பா அப்படி ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

சரி, இவ்வளவு கருவி இருந்தால் பக்கத்தில் ஆள் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் அவருடைய கேடி அண்ணன்.

(கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் மாட்டியிருக்குமே, அவர் இல்லை. கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, எந்த மட்டை எடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்.)

அண்ணன் பக்கத்து ஊர்க்காரர். ஐம்பது வயதுக்கு மேல். லேசர் எல்லாம் கிடையாது. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், "நூத்தம்பதுங்க" என்பார். பெரியப்பா லேசரை எடுத்துப் பார்த்தால் 148 காட்டும். இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர் சும்மா இருப்பாரா? மூன்று மாதம், அண்ணன் சொன்னதையும் லேசர் சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில் நோட்டில் எழுதி வந்தார். வித்தியாசம் பெரும்பாலும் மூன்று, நான்கு கஜத்துக்குள். "கேலிபரேஷன் ஓகே" என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஜூன் மாதம் ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கோயமுத்தூரை அறையும் மாதம். லேசர் 150 காட்டியது. அண்ணன் ஒரு சிட்டிகைப் புல்லைப் பிய்த்து மேலே விட்டார். அது எங்கள் பின்னால் போய் விழுந்தது. தூரத்துப் பனை மர உச்சியைப் பார்த்தார். "நூத்தி எழுபதுக்கு அடிங்க சார். இங்க கீழ அவ்வளவா இல்லீங்க, மேல போனா பிடிச்சுத் தள்ளும்." பெரியப்பா பேசாமல் பெரிய மட்டையை எடுத்தார். பந்து கிரீனின் முன் விளிம்பில் விழுந்தது.

விளையாட்டின் விதிகளும் இங்கே ஒரு வேடிக்கை செய்கின்றன. 2019 விதிப் புத்தகத்திலிருந்து தூரத்தை அளக்கும் கருவிகளுக்குப் பொதுவாகவே அனுமதி உண்டு. 2021 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் பெரிய ஆட்டக்காரர்களே லேசரோடு நடந்தார்கள். ஆனால் மேடு பள்ளத்தை அளக்கும் வசதியை அணைத்து வைக்க வேண்டும். காற்றை மீட்டர் வைத்து அளக்கக் கூடாது. புல்லைப் பிய்த்து விட்டுப் பார்க்கலாம்! தூரத்தை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மேட்டையும் காற்றையும் மனிதனுக்கு விட்டு வைத்திருக்கிறார்கள்.

அன்று திரும்பி வரும்போது பெரியப்பா பாய்லர் டிரம் கதை சொன்னார். டர்பைன் திடீரென்று அதிக நீராவியை இழுத்தால் டிரம்முக்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீருக்குள் இருக்கும் நீராவிக் குமிழ்கள் பெருக்கும். உடனே தண்ணீர் மட்டம் ஏறியதாக மீட்டர் காட்டும். உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டு இருக்கிறது! மீட்டரை மட்டும் நம்பும் கன்ட்ரோலர், தண்ணீர் அதிகம் என்று நினைத்து வால்வை மூடும். நிலைமை இன்னும் மோசமாகும். அதனால்தான் மட்டம், நீராவி ஓட்டம், தண்ணீர் ஓட்டம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கன்ட்ரோல் வைக்கிறார்கள். "மீட்டர் பொய் சொல்லல கண்ணு. அதுகிட்ட கேட்டதுக்குப் பதில் சொல்லுது. மிச்சத்தை யாராவது பாக்கணும்ல" என்றார். நம் வகுப்பில் ஒரு மணி நேரம் எடுத்த பாடம், எனக்கு டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் புரிந்தது.

ஒரு புது ரேஞ்ச் ஃபைண்டர் வாங்கியபோது பழையதை அண்ணனுக்குக் கொடுக்கப் போனார். அண்ணன் வாங்கவில்லை. "வேண்டாமுங்க. அது கையில இருந்தா கண்ணு சோம்பேறி ஆயிருமுங்க." 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்து வந்தவர்தான். அண்ணனுக்கு அந்தக் கதை தெரியும். தன் பையன் கையிலும் மட்டை கொடுத்துப் பார்த்தாராம், அவன் பாலிடெக்னிக் போய்விட்டான்.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்குச் சேமிப்பு இருக்கிறது. அண்ணனுக்கு ரிட்டையர்மென்டே கிடையாது. முட்டி வலிக்கும் வரை நடப்பார், அப்புறம் வருமானம் நின்றுவிடும். பெரியப்பாவிடம் இதை நேராகவே கேட்டேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பையை இப்போது சக்கர வண்டியில் வைத்துத் தள்ளுகிறார், கூலியைக் குறைக்கவில்லை. "இது பதில் இல்லைன்னு எனக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

போன பொங்கலுக்குப் போனபோது ஒரு கிராஃப் காட்டினார். ராடாரில் எடுத்த டிரைவர் வேகம், எட்டு வருஷக் கணக்கு. 2017-ல் சராசரி மணிக்கு 86 மைல். பிறகு 84, 83... இப்போது 76. கோடு ஒரே சீராகக் கீழே இறங்குகிறது. எனக்கு அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. வயசாவதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அதைத் தசமப் புள்ளியோடு எழுதி வைப்பவரை நான் பார்த்ததில்லை.

"எதுக்குப் பெரியப்பா இதையெல்லாம் அளக்கறீங்க? கஷ்டமா இல்லையா?"

"அளக்கலைன்னா குறையாதா?" என்றார். அதே பக்கத்தில் கீழே இன்னொரு கோடு இருந்தது, ஸ்கோர். வேகம் இறங்கிய அளவுக்கு அது கெடவில்லை. தூரமாக அடிக்க முடியாததால் ஒரு மட்டை பெரிதாக எடுக்கிறார், வயதானவர்களுக்கான முன் டீயிலிருந்து ஆரம்பிக்கிறார், குழிக்குப் பக்கத்து ஆட்டத்தில் நேரம் போடுகிறார். செட் பாயின்ட்டை மாற்றிக்கொண்டுவிட்டார்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சிக்னல் ஏன் 4-லேர்ந்து 20 மில்லி ஆம்பியர்? ஏன் பூஜ்யத்துலேர்ந்து இல்ல?"

இது வைவாவில் எல்லாரிடமும் கேட்பது. தொட்டி காலியாக இருந்தால் 4 மில்லி ஆம்பியர் வரும். ஒயர் அறுந்தால் பூஜ்யம் வரும். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் காலித் தொட்டிக்கும் அறுந்த ஒயருக்கும் வித்தியாசம் தெரியாது. இதற்கு 'லைவ் ஸீரோ' என்று பெயர். உயிருள்ள பூஜ்யம். ஒப்பித்தேன்.

"கரெக்ட். ரிட்டையர் ஆன முதல் வருஷம் நான் பூஜ்யம்னு நெனச்சாங்க, நானும் நெனச்சேன். இப்ப நாலு. ரீடிங் ஒண்ணும் பெருசில்ல, ஆனா ஒயர் இருக்கு."

சொல்லிவிட்டு ராடாருக்கு பேட்டரி மாற்றப் போய்விட்டார்.

உங்கள் வீட்டிலும் ரிட்டையர் ஆனவர் யாராவது இருப்பார். பேப்பரை மூன்றாவது தடவை படித்துக்கொண்டு இருப்பார். அவருக்கு கோல்ஃப் வேண்டாம், அது கட்டுப்படியாகவும் ஆகாது. ரோஜாச் செடி, சீட்டாட்டம், மழைமானி, சுடோகு, எதுவாகவும் இருக்கலாம். அவர் செய்வதைப் பார்த்து, "சரியா வரல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று. நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டு, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வராமல், ஒரு தடவையாவது உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு வாருங்கள். அவர் சொல்வது தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லுங்கள். ரொம்ப சந்தோஷப்படுவார்.